மூன்றாவது கழுவல்

இரவு ஒன்றரை. அம்பத்தூர் எஸ்டேட்.
விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு
ஊதா டார்ச்சைப் பிடிக்கிறேன்.
கோட்டிங் பாத்திரத்தின் விளிம்பில்,
ஒரு போல்ட்டின் தலைக்கு அடியில்
பச்சையாய் ஒளிர்கிறது பி-டூ வைட்டமின்.
இருட்டில் மட்டும் தன்னை ஒப்புக்கொள்கிற அழுக்கு.

“இன்னொரு தரம் ஊத்துங்க.”
பெருமூச்சை முகமூடிக்குள்ளேயே விட்டுவிட்டு
ஜெபராணி வால்வைத் திருகுகிறாள்.

முதல் கழுவல் எலுமிச்சை சாதம்.
இரண்டாவது
கல்யாண மண்டபத்தின் கைகழுவும் தொட்டி.
மூன்றாவது தண்ணீர் போலவே இருக்கும்;
இல்லையென்று டார்ச்சுக்குத் தெரியும்.

ஒரு கழுவலுக்கு எண்ணூறு லிட்டர்.
ஏழுமலையின் லாரி பன்னிரண்டாயிரம்.
வில்லிவாக்கத்தில் என் வீட்டுக்கு
ஒருநாள் விட்டு ஒருநாள் ஒன்பது குடம்.
கணக்குப் போடக் கூடாது என்றுதான் வருவேன்.
விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்ளும்.

இந்த மாத்திரையை விழுங்கப்போகும் யாரோ
மறுநாள் காலை கழிப்பறையில்
மஞ்சளைப் பார்த்துப் பயப்படுவார்.
ஒன்றுமில்லை ஐயா,
உங்கள் உடம்பு வேண்டிய மட்டும் எடுத்துக்கொண்டு
மிச்சத்தை அனுப்பிவிட்டது.
நாங்கள் கழுவிவிட்டதும் நீங்கள் கழித்ததும்
இந்த ஊரின் அடியில் எங்கோ
ஒரே நிறத்தில் சந்தித்துக்கொள்ளும்.

சுவரில் அட்டவணை:
திங்கள் மஞ்சள், செவ்வாய் வெள்ளை,
புதன் இரும்புச்சத்தின் செங்கல் நிறம்,
வியாழன் மறுபடி வெள்ளை.
ஒரே வாளியில் துணி நனைக்கிற எவரும்
வெள்ளையைத்தான் முதலில் போடுவார்கள்.
இதற்கு எம்.ஃபார்ம் எதற்கு?

காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன்:
கால்சியம், துத்தநாகம், பிறகு மஞ்சள், கடைசியில் செங்கல்.
ஆராவமுதன் சார் நின்றபடியே படித்தார்.
“துத்தநாகம் வியாழக்கிழமைன்னு சொல்லியிருக்கோமே?”
“ரெண்டு நாள் முன்னாடி போனா
துரு பிடிச்சிடாது சார்.”
அவர் சிரிக்கவில்லை.
ஆனால் காந்தத்தின் கீழ் தாளைச் செருகினார்.

வெள்ளைக்கும் வெள்ளைக்கும் நடுவே
ஒரு கழுவல் போதும் என்று நிரூபிக்க
ஆறு வாரம், நாற்பத்தொரு சாம்பிள்.
முப்பத்தாறாவது தோற்றது.
போல்ட்டை மாற்றி மறுபடி ஒன்றிலிருந்து.

மாதத்துக்கு இரண்டு லாரி குறைந்தது.
போர்டில் யாரோ கைதட்டும் படம் வரைந்தார்கள்.
கேட்டருகே ஏழுமலை மட்டும்
ஹோஸைச் சுருட்டியபடி கேட்டார்,
“ரெண்டு ட்ரிப் போச்சாமே மேடம், உங்களாலயா?”
ஆமாம் என்றேன்.
வேறு என்ன சொல்வதென்று
பட்டரவாக்கம் ஸ்டேஷன் வரைக்கும் யோசித்தேன்.

இன்னும் இருக்கிறது.
முப்பது மாத்திரைக்கு அந்தப் பெரிய டப்பா,
பாதி காற்று, மேலே ஒரு பிடி பஞ்சு,
டப்பாவுக்கு அட்டைச் சட்டை,
சட்டைக்கு மேல் பிளாஸ்டிக் தோல்.
“அலமாரியில பெருசா தெரியணும்” என்கிறது மார்க்கெட்டிங்.
அதற்கு எந்த டார்ச்சைப் பிடிப்பது,
தெரியவில்லை.

ஷிப்ட் முடிந்து கை கழுவும்போது
விளையாட்டாய் டார்ச்சை என் மேலேயே திருப்பினேன்.
கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில்
மெல்லிய பச்சைப் பிறை.

குழாயைத் திறந்தேன்.
கொஞ்சமாக.