மீதிச் சில்லறை

ஏழு மாதம் வாடகை தரவில்லை ஆவுடைநாயகம்,
நாலாயிரத்து ஐந்நூறு வீதம்.
இந்த மாடிக்காக நான் வாங்கிய சொசைட்டிக் கடனோ
ஒரு மாதம் தவறாமல்
என் சம்பளத்தில் முதல் கை வைக்கிறது.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
ஒன்றரை சென்ட்டில் ஒரு வீடு, அதன் தலையில் ஒரு வீடு.
காக்கிச் சட்டை போட்ட முதலாளி நான்.
பாபநாசம் வண்டியில் கண்டக்டர்.

கேட்டால் "அடுத்த வாரம் அண்ணாச்சி" என்பான்.
அந்த அண்ணாச்சியில் ஒரு குறையும் இருக்காது.
தண்ணீர் சுத்தம் பண்ணுகிற மிஷின் விற்கிறவன்.
தாமிரவருணியைக் கையால் அள்ளிக் குடிக்கிறவர்களிடம்
அது எப்படி விலைபோகும் என்று
அட்வான்ஸ் வாங்கிய அன்றே யோசித்திருக்க வேண்டும்.

"அக்ரிமெண்ட்ல கையெழுத்து வாங்கினீரா?" என்றார் வக்கீல்.
இருபது ரூபாய்ப் பத்திரம்
பீரோவில் இன்னும் வெள்ளையாக இருக்கிறது.
"இது சிவில் வே,
எங்க தலையில கெட்டாதீரும்" என்றார் ஏட்டையா.

ஒரு ராத்திரி
மேல்வீட்டு பியூஸ் கட்டையைப் பிடுங்கிச்
சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.
மோட்டார் ஓடுவது மேல்வீட்டு மீட்டரில் என்பது
விடிந்து குழாயைத் திறந்தபோதுதான் உறைத்தது.
திரும்ப மாட்ட மனசு வரவில்லை.
பதினோரு நாள், தெருக்குழாயில்,
அவன் குடத்துக்குப் பின்னால் என் குடம்.
இரண்டு தடவை "நீங்க பிடிங்க அண்ணாச்சி" என்று
விலகி நின்றான்.
பிடித்துக்கொண்டேன். நன்றி சொல்லவில்லை.

நான் டூட்டியில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை
காலி பண்ணிப் போய்விட்டான்.
சாவி மீட்டர் பெட்டிக்குள் கிடந்தது.
ஆணிகளை எண்ணித் திட்டத் தோதாக
மேலே ஏறினேன்.
ஆணி ஒன்றுகூட இல்லை.
ஹால் சுவரில், கரித்துண்டால்,
கோடு போட்டு ஒரு கணக்கு இருந்தது.

வாடகை ஏழு மாதம் 31500
அட்வான்ஸ் கழிவு 20000
நிற்பது 11500
மோட்டார் காயில் கட்டியது 2800
ஒழுகலுக்கு மேல்தளம் பூசியது 3200
நனைந்த அரிசி மூட்டை 1450
மாடிப்படியில் நல்லபாம்பு 500
கரண்ட் இல்லாத ராத்திரி, 150 வீதம், பதினொன்று 1650
தெருவில் வைத்து ஏசியது, 750 வீதம், மூன்று 2250
அக்காவை ஹைகிரவுண்டுக்கு பைக்கில் கொண்டுபோனது 0
கழிவு மொத்தம் 11850
அண்ணாச்சி எனக்குத் தரவேண்டியது 350.

முப்பத்திரண்டு வருஷம்
ஓடுகிற வண்டியில் நின்றபடி கணக்குப் பார்த்தவன் நான்.
விரலால் தொட்டுத் தொட்டுக் கூட்டினேன்.
கூட்டல் சரி.

கீழே இறங்கி பிரம்மசக்தியிடம் கேட்டேன்:
"ஹைகிரவுண்டுக்கு என்னைக்குப் போனே?"
"நீங்க பாபநாசத்துல தங்கலு.
எனக்குக் காய்ச்சல்ல பேச்சுக் குழறிட்டு."
"ஏன் சொல்லல?"
"உங்க ஏச்சு முடியட்டும், சொல்லிக்கிடலாம்னு இருந்தேன்.
எங்க முடிஞ்சுது?"

டிக்கெட்டுக்குப் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்து
"இறங்கும்போது வாங்கிக்கிடும்" என்போம்.
சிலபேர் தூங்கிப்போவார்கள்,
முக்கூடலில் திடுக்கிட்டு எழுந்து
அவசரமாக இறங்கி விடுவார்கள்.
வண்டி நகர்ந்தபின் பையில் அந்தச் சில்லறை
என்னுடையதுபோலக் குலுங்கும்.
ஒருநாளும் அதற்காக விசில் ஊதியதில்லை நான்.

வெள்ளையடிக்க வந்த பையன்
அந்தச் சுவர் முன்னால் பிரஷ்ஷோடு நின்று,
"அடிச்சிரட்டுமா அண்ணாச்சி?" என்றான்.
"மத்த மூணையும் அடி" என்றேன்.
வாசலில் வாடகைக்கு போர்டு தொங்குகிறது.
இனி வருகிறவனுக்கு ஐயாயிரம்;
முதல் நாளே பத்திரத்தில் கையெழுத்து.

ஒன்று மட்டும்.
நான் ஏசியது மூன்று தடவை இல்லை, நாலு.
நாலாவது,
அவன் வீட்டில் இல்லாதபோது,
அவன் மகன் காதுபட.