ஆயுள் வரி

மயிலாடுதுறை ஆர்டிஓ ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடை என்னுடையது.
இருபத்திரண்டு வருஷமாய்
அடுத்தவர் வண்டிகளுக்குப் படிவம் நிரப்புகிறேன்.
டிராக்டர், டிரெய்லர், மீன் ஏற்றும் மினி லாரி,
ஒருமுறை ஓர் அமரர் ஊர்தி.
உரிமையாளர் கட்டத்தில் என் பெயரை
எழுதிப் பார்த்ததில்லை, இந்த ஆனி வரை.

தையல்நாயகி, க/பெ மாசிலாமணி,
கோயில் மனை, கதவு எண் பதினேழு.
மேலே இருக்கும் ஓடு எங்களுடையது,
கீழே இருக்கும் மண் சாமியுடையது.
அடிமனை வாடகையை ஏற்றிக்
கதவில் நோட்டீஸ் ஒட்டிப் போன இரவு
சோற்றில் கை வைத்தபடி இவர் சொன்னார்:
"யார் மண்ணிலும் நிற்காத வீடு ஒன்று வாங்குவோம்."

சேசிஸ் வாங்கினோம். கரூரில் கூடு கட்டக் கொடுத்தோம்.
இரண்டு படுக்கை, ஓர் அடுப்பு, கை கழுவத் தொட்டி,
நின்றபடி குளிக்க பீரோ அளவில் ஓர் அறை.
ஜூன் கடைசியில் வெள்ளியங்கிரி மேஸ்திரி போன் செய்தார்:
"வண்டி ரெடிங்க்கா."
நான்தான் போய்ப் பார்த்துவிட்டு
அடுப்புக்கு நேரே ஜன்னல் இல்லையே என்றேன்.
"வெட்டணும்னா எட்டு நாள் ஆகுமுங்க."
ஆகட்டும்.
சுவரைப் பார்த்துச் சமைத்தது போதும்.

அந்த எட்டு நாளில் வரி மாறியது.

மேட்டூர் திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர்
எத்தனையாம் நாள் எட்டும் என்று
எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.
சென்னையில் கையெழுத்தான காகிதம்
எந்த மதகிலும் நிற்காமல்
ராத்திரி பன்னிரண்டுக்கே வந்து சேர்ந்துவிட்டது.
அந்த ஆணையை நானே
நூற்றுப்பத்துப் பிரதி எடுத்து விற்றிருக்கிறேன்,
தாள் இரண்டு ரூபாய்,
படிக்காமல்.

கவுண்டரில் இன்பசேகரன், தெரிந்த பிள்ளை.
"இதை எதுல போடறதுக்கா?
சரக்கு வண்டின்னா சரக்கு இல்லை.
வேன்னா சீட்டு எண்ணணும்.
படுக்கைய ரெண்டு ரெண்டு சீட்டா வச்சுக்கவா?"
"தூங்கறவனை உட்கார்ந்தவன் கணக்குல சேர்ப்பியா தம்பி?"
அவன் சிரித்தான். கம்ப்யூட்டர் சிரிக்கவில்லை.
போன மாதம் வரை சேசிஸ் விலைக்குத்தான் வரி,
இனிமேல் கூட்டின் விலையும் சேரும்.
அடுப்புக்கு உண்டு, தொட்டிக்கு உண்டு,
என் ஜன்னலுக்கும் உண்டு.
வித்தியாசம் ஒரு லட்சத்துப் பதினாலாயிரம்.

"ஆயுள் வரிக்கா. ஒரே தடவைதான்."
"யார் ஆயுளுக்கு?"
"வண்டிக்கு. பதினஞ்சு வருஷம்."
இவருக்கு அறுபத்திரண்டு. நெஞ்சில் ஸ்டென்ட்.
மனசுக்குள் கூட்டினேன்.
கூட்டியதை அழித்தேன்.

கரூருக்கு ஏசியைத் திருப்பி அனுப்பினோம்.
கடையின் கலர் பிரிண்டரைச்
சீர்காழிக்காரர் ஒருவர் தூக்கிக்கொண்டு போனார்.
இனி என்னிடம் எல்லோர் முகமும் கறுப்பு வெள்ளைதான்.

முதல் ராத்திரி, மணல்மேட்டுக்கு வடக்கே
கொள்ளிடக் கரையில் நிறுத்தினோம்.
பால் பொங்கும் நேரம், டார்ச் வெளிச்சம்.
"யாரது? பீடபிள்யூடி கரை இது. இங்க நிக்கக் கூடாது."
இவர் இறங்கிப் போய்
நான் லேமினேட் செய்து கொடுத்த ரசீதை நீட்டினார்.
லஸ்கர் எழுத்துக்கூட்டிக் கடைசி வரி வரைக்கும் படித்தார்.
"இது ரோட்டுக்கு. கரைக்கு இல்ல."
பிறகு, கொஞ்சம் இறங்கிய குரலில்:
"விடியறதுக்குள்ள தண்ணி வருது, எடுத்துருங்க."

இவர் சாவியைத் திருப்பினார்.
தொட்டி குலுங்கியது, டம்ளர் உருண்டது,
ஒரு வீடு, சொன்ன மாத்திரத்தில், புறப்பட்டது.
எட்டு நாள் ஜன்னலில்
கொள்ளிடம் பின்னால் போய்க்கொண்டிருந்தது.
பால் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.