பேரு? வயசு?

எங்கள் லாட்ஜில் யாருக்கும் பெயர் கிடையாது.
இருநூற்று மூன்றுக்குச் சுடுதண்ணீர்.
நூற்றுப்பத்து இன்னும் வாடகை தரவில்லை.
முந்நூற்று ஒன்று ராத்திரி தவறிப்போச்சு,
பெட்ஷீட்டை மாற்று.
அப்படித்தான் சொல்வார் மேனேஜர் தீர்த்தகிரி.
நான் அவருக்கு ரெண்டாவது மாடி.
"ஏ ரெண்டாவது மாடி, வாளி எங்க?"
பதினோரு வருஷம்.
கூப்பிட்டால் போகிறதுதானே வேலை,
நானும் ஒன்றும் கேட்டதில்லை.

வேலூர்க் கோட்டைச் சுவரைத் தொட்டால் சுடுகிற சித்திரையில்
இருநூற்று ஏழுக்கு வங்காளத்திலிருந்து ஒருத்தி வந்தாள்.
புருஷனுக்குக் கிட்னி.
இரண்டு நாள் ரயில்,
காட்பாடியில் இறங்கி ஷேர் ஆட்டோவில்
அவன் தலையை மடியில் ஏந்திக்கொண்டு.
அவளுக்குத் தெரிந்த தமிழ் மொத்தமும்
ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் அவளைக் கேட்டது:
பணம் கட்டியாச்சா. வரிசையில நில்லு. நாளைக்கு வா.
துடைப்பத்தோடு நுழைந்த என்னைப் பார்த்து
எழுந்து நின்று கேட்டாள்:
"பேரு? வயசு?"

சிரிப்பு வந்தது.
சொல்ல வாயெடுத்தால்
துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி ஏதோ சிக்கியது.
கெங்கம்மா.
வயசு தெரியாது, நாற்பத்தஞ்சு போட்டுக்கோ.

"கொங்கா?" என்றாள்.
ஜன்னலுக்கு வெளியே வடக்கே கையை நீட்டி
விரல்களை அலை மாதிரி ஆட்டினாள்.
அவள் வீட்டுக் கொல்லையில் ஓடுகிறதாம் என் பெயர்.
எங்கள் குடியாத்தத்தில்
வைகாசியில் சிரசு ஊர்வலம் போகிற அம்மன் அது,
ஆறு இருக்கிறது, தண்ணீர்தான் இல்லை என்று
எந்தச் சைகையில் சொல்வது?
வாளியைக் கவிழ்த்துக் காட்டினேன்.

அவள் பெயர் மினோதி.
மீனாட்சியா என்றேன், தலையை ஆட்டினாள்.
மினுக்கி. மினுதி. மினோத்தி.
மாப் போடுகிற ஒவ்வோர் இழுப்புக்கும் ஒருமுறை
சொல்லிப் பார்த்தேன், மூன்று நாள்.
நான்காம் நாள் கை தட்டினாள்.
அதற்குப் பிறகு காலையில்
"கொங்கா."
"மினோதி."
அவ்வளவுதான் பேச்சு.
வேறு வார்த்தை இல்லை எங்களிடம்.

ஒரு வெள்ளிக்கிழமை போன் அடித்தது.
இருநூத்தி ஏழு உடனே வரணுமாம், கையெழுத்து.
அறை பூட்டியிருந்தது.
சந்து முனையில் மீன்காரனைச் சுற்றி
ஐம்பது அறுபது பெண்கள்,
சங்கு வளை, வகிட்டில் சிவப்பு,
பின்னாலிருந்து எல்லாம் ஒரே முதுகு.
அம்மா என்று கத்தினேன், ஒருத்தியும் அசையவில்லை.
தீதி என்றேன், இருபது பேர் திரும்பினார்கள், அவள் இல்லை.
இருநூத்தி ஏழு என்றேன்.
"கிலோ இருநூத்தி இருபது, குறைக்க முடியாது" என்றான் மீன்காரன்.
அப்புறம்தான் அடிவயிற்றிலிருந்து வந்தது
மினோதீ.

ஒரே ஒரு தலை.

மீன் பை அங்கேயே கிடந்தது.
ஓடினோம்.
என் செருப்பு ஒன்று சாக்கடையோடு போனது.
அன்றைக்குக் கையெழுத்து நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது,
மற்றதை டாக்டர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனி மாதம் அவர்கள் கிளம்பும்போது
நான் மொட்டைமாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன்.
மேனேஜரிடம் கேட்டிருக்கிறாள், கொங்கா எங்கே என்று.
"அப்பிடி யாரும் இங்க இல்லியே."
அவள் தெருவில் இறங்கி நின்று
மூன்று மாடிக்கும் சேர்த்துக் கூவினாள்.
ஈரப் பெட்ஷீட்டுகளை விலக்கிக்கொண்டு
கைப்பிடிச் சுவருக்கு வந்தேன்.
கையசைத்தாள்.
ஆட்டோவுக்குள்ளிருந்து இன்னொரு கையும் அசைந்தது, மெலிந்த கை.

மறுநாள் காலை படியடியில்
"ஏ ரெண்டாவது மாடி!"
நான் துணியை நனைத்தேன்.
"ஏ, ஒன்னத்தான்!"
துணியைப் பிழிந்தேன்.
சத்தம் நின்றது.
கீழே மேசை இழுப்பறை திறக்கிற ஓசை.
சம்பள நோட்டில் விரலை வைத்து
ஒவ்வொரு வரியாக அவர் தேடி வரட்டும்.
எனக்கு அவசரமில்லை,
இன்னும் நாலு அறை இருக்கிறது.