ஐந்து கால் வண்டு

எனக்கு வயது ஐம்பத்திரண்டு.
இரவு பத்தே காலுக்கு மேல்
நான் வண்டு மடிக்கிறேன்.

கொம்பு வைத்த வண்டு. ஆறு கால்.
ஒரே சதுரத் தாள். கத்தரி கூடாது, பசை கூடாது.
வழிமுறையில் நூற்றுப் பதினேழு படிகள்.
எண்பத்து மூன்றாம் படியில் ஓர் அம்புக்குறி
தாளுக்குள் நுழைந்து எங்கே போகிறதென்று
வரைந்தவருக்கே தெரியாது என்பது என் கட்சி.

பகலில் நான் சம்பளப் பிரிவு.
நானூற்று ஆறு பேரின் மிகைநேரம், மருத்துவ விடுப்பு,
மத்திய சேம நிதி.
ஒரு காசு பிசகினால்
சுவீ லிங் நாற்காலியோடு உருண்டு வருவாள்.
தாளில் பிசகினால் யாரும் வருவதில்லை.
அரை மில்லிமீட்டர் கோணல் மட்டும்
இருபது படி தள்ளி
கோணல் கொம்பாக எழுந்து நின்று
‘நான்தான்’ என்னும்.

கோடு அழுத்த என்னிடம் இருப்பது
காலாவதியான ஈசி-லிங்க் அட்டை.
எத்தனையோ காலை, புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து
என்னை இழுத்துக்கொண்டு ஓடியது.
இப்போது விளிம்பு தேய்ந்து பளபளக்கிறது,
எங்கேயும் போகாமல்.

மழை நாளில் தாள் நமுத்துவிடும்.
நமுத்த தாளில் கோடு நிற்காது.
சன்னலைச் சாத்தி ஏர்கான் போட்டேன்.
“எனக்குப் புழுங்கினா மட்டும்
மின்விசிறி போதும்னு சொல்வே”
என்றார் குணாளன்.
“நீங்க நமுத்தா பரவாயில்லை” என்றேன்.

அவர் மின்தூக்கி பழுதுபார்ப்பவர்.
விரலிடுக்கில் எப்போதும் கிரீஸ்.
வேலை விட்டு வந்தும் வேலையா
என்பது அவருடைய கேள்வி.

ஒருநாள் மதிய உணவில்
சுவீ லிங்கிடம் நண்டைக் காட்டினேன்.
“எவ்வளவுக்கு விப்பே?”
கோப்பி ஓ ஆறும்வரை கணக்குப் போட்டோம்.
மூன்று இரவு, பதினோரு மணி நேரம்,
மணிக்கு இருபத்திரண்டு, மிகைநேரம் ஒன்றரை மடங்கு:
முந்நூற்று அறுபத்து மூன்று வெள்ளி.
“இந்தத் தீவிலேயே விலை கூடின நண்டு” என்று
அவள் ஒரு விரலால் சுண்ட
அது பறந்துபோய்
சம்பால் கிண்ணத்தில் விழுந்தது.
கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

ஆனால் ஒரு கணம் இருக்கிறது.
கோடெல்லாம் போட்டாயிற்று, தாள் இன்னும் தட்டை.
மலை மடிப்பு, பள்ள மடிப்பு,
மலையென்று சொல்ல ஒன்றும் இல்லாத ஊரில்
ஒரு முழத் தாளில் இருநூறு மலை.
பத்து விரலாலும் ஓரங்களைப் பிடித்து
மெல்ல உள்ளே தள்ளினால்
ஒன்று மடிய, அதைப் பார்த்து இன்னொன்று மடிய,
பிறகு நான் எதுவும் செய்வதில்லை.
தூக்கத்தில் புரண்டு படுப்பதுபோல்
தாள் தானே சுருண்டுகொள்கிறது.
அந்த நேரம் வாயைத் திறந்து வைத்திருக்கிறேனாம்.
ஈ போகும் என்கிறார்.

நேற்று நள்ளிரவில் வண்டு முடிந்தது.
கொம்பு சரி. முதுகு சரி.
எண்ணினேன். ஐந்து கால்.
சம்பளப் பிரிவு எண்ணிக்கை, பிசகாது. ஐந்துதான்.
ஆறாவது எந்த மடிப்புக்குள் போனதென்று
ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்து
கடைசியில் கையில் வெறும் பழுப்புச் சதுரம்,
உள்ளங்கையைவிட அதிக ரேகைகளோடு.
கூடையில் போட்டுவிட்டுப் படுத்தேன்.
நன்றாகத் தூங்கினேன்.

காலையில் சாப்பாட்டு மேசை ஆடவில்லை.
பதினாறு வருடமாக ஆடிய மேசை.
குனிந்து பார்த்தால், சுவரோரக் காலுக்கு அடியில்
என் பழுப்புத் தாள்,
விளிம்போடு விளிம்பு, இழை பிசகாமல்.
எனக்கு முன்பே எழுந்துவிட்டிருக்கிறார்.

“நாலா மடிச்சா ஆடுது. எட்டா மடிச்சா தூக்குது.
ஆறா வேணும். ஆறா எப்படி மடிக்கிறது?”
என்னைக் கேட்கவில்லை.
பதிலை வைத்துக்கொண்டு
கேள்வியைச் சொல்லிக் காட்டுகிறார்.
“முதல்ல மூணா மடிக்கணும். அப்புறம் ரெண்டா.”
வாய் கொஞ்சம் திறந்தேதான் இருந்தது.

மணி ஏழரை. இருவருக்கும் நேரமாகிவிட்டது.
ஆளுக்கொரு பக்கம் பிடித்து
மேசையை ஆட்டிப் பார்த்தோம்.
பையை எடுத்துக்கொண்டு கதவுவரை போனவர்
திரும்பி வந்து
இன்னொரு முறை.