கயிற்றை எடுத்து

வெள்ளிக்கிழமை ஹெலிகாப்டர் வரவில்லை.
வடகடலில் மூன்றாம் நாளாக மூடுபனி.
கரைக்குப் போகவேண்டிய பதினேழு பேர்
கட்டிய பையும் கழற்றாத பூட்ஸுமாக
எண்ணெய் மேடையின் டிவி அறையில்
மூன்றாம் சீசனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான்காம் எபிசோடில்
தோணிக்காரன் செத்தான்.

தூர்கிரிம் எழுந்துவிட்டார்.
அவர் எழுந்தால் பின்வரிசைக்கு டிவி கிடையாது.
"அவன் சாகமாட்டான்" என்றார்.
"கடைசிவரை இருக்கிறான் புத்தகத்தில்.
இவர்கள் யார் அவனைக் கொல்ல?"

அதற்கு முன்பே குற்றப்பட்டியல் நீளம்.
ராணிக்குக் கண் பச்சை, இங்கே பழுப்பு.
ஒன்பது மலைக்கோட்டைகளில்
ஏழு, செலவுக் கணக்கிலேயே இடிந்துபோயின.
வெள்ளத்தைப் பற்றித் தோணிக்காரன் சொன்னதைப் பிடுங்கி
ராணியின் வாயில் போட்டுவிட்டார்கள்;
அவள் அதை முத்தத்துக்கு முன்னால் சொல்கிறாள்.
சமையற்கார ஒத்வார் இதற்குக் கைதட்டினான்.
அவனுக்கு முத்தம் போதும்.

சிந்த்ரே மட்டும் மெதுவாகச் சொன்னான்:
"நான் படிச்சதில்லை.
எழுத்து என் கண்ணுக்கு மீன் மாதிரி,
பிடிக்கப் போனால் நழுவும்.
எனக்குத் தெரிந்த தோணிக்காரன் இவன்தான்.
இவன் நல்லா செத்தான்."

யாரும் பேசவில்லை.
ஹீட்டர் மட்டும் டக் டக் என்றது.

எனக்கு ஒன்று தெரியும்.
ரேடியோ அறையோடு சேர்த்து
நூலக அலமாரியையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.
மூன்றாம் பாகத்தை வாங்கியவர்கள் பதிவேட்டில்
பதினொரு வருடமாக ஒரே பெயர்.
காபி வட்டங்கள், கிரீஸ் படிந்த பெருவிரல் ரேகை.
612-ஆம் பக்கத்தோடு புத்தகம் முடிகிறது.
கடைசிப் பதினான்கு தாள்களை
யாரோ எதற்கோ கிழித்திருக்கிறார்கள்.
மிஞ்சிய கடைசி வரி:
*தோணிக்காரன் கயிற்றை எடுத்து*

அவ்வளவுதான். புள்ளிகூட இல்லை.
அந்த இடத்தில்தான் தூர்கிரிம்
அவனைப் பதினொரு வருடம்
உயிரோடு வைத்திருந்தார்.

அடுத்த சுற்றுக்கு வந்தபோது
சிந்த்ரே ஸ்தவாங்கர் கடையிலிருந்து
முழுப் பிரதி ஒன்று வாங்கி வந்தான்.
படிக்கத் தெரியாதவன்
தாள்களை மட்டும் எண்ணிப் பார்த்து வாங்கினானாம்.
தூர்கிரிம் நன்றி சொன்னார்.
இரண்டு ஷிஃப்ட் அதைத் திறக்கவில்லை.

மூன்றாம் இரவு ரேடியோ அறைக்கு வந்தார்.
"குன்வோர், இதைக் கேள்" என்று படித்தார்:
*தோணிக்காரன் கயிற்றை எடுத்து ஓரமாகப் போட்டான்.
அன்றிரவு செத்தவர்களில் அவனும் ஒருவன்.*

"ஒருவன்" என்றார்.
"எண்ணூறு பக்கம் ஆற்றைக் கடத்திவிட்டவனுக்கு
அரை வரி."

நான் என்ன சொல்ல?
வானிலை அறிக்கை வந்தது, எழுதிக்கொண்டேன்.
தென்மேற்குக் காற்று, வேகம் கூடும்.

இரண்டு மணிக்கு டீ எடுக்கப் போனேன்.
டிவி அறையில் சத்தம் இல்லாத வெளிச்சம்.
அதே நான்காம் எபிசோட்.
மார்பில் அம்போடு தோணிக்காரன்
கயிற்றை எடுக்கிறான்,
கண்ணி போடுகிறான், நுனியை உள்ளே விடுகிறான்,
பின்னால் சுற்றி மறுபடி உள்ளே இழுக்கிறான்.
தோணி ஆற்றோடு போய்விடக் கூடாது,
அடுத்தவனுக்கு வேண்டும்.
பிறகுதான் உட்காருகிறான்.

நாற்பது நொடி.
தூர்கிரிம் ரிமோட்டை அழுத்தினார்.
கயிறு அவிழ்ந்து, அம்பு பறந்து பின்வாங்கி,
மறுபடி வந்தது.

"இது புத்தகத்தில் இல்லை" என்றார்
திரும்பாமலே.

ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ,
"முடிச்சு சரி" என்றார்.

என் டீ ஆறிப்போயிருந்தது.
கதவருகே போனபோது கேட்டது:
"ஆனால் கண் பச்சைதான்.
அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்."