குறுக்கே

கிரிம்ஸ்பியில் வியாழக்கிழமை, மாலை ஆறரை.
மீன் ஆலையில் ஷிப்டு முடிந்து
கையுறையைக் கழற்றியும் கழலாத வாசனையோடு
நூலகத்து மாடிக்கு ஏழு பேர் ஏறுகிறார்கள்.

ஃபிலிப்பா பலகையில் எழுதுகிறாள்:
கம். சற்றுத் தள்ளி, அக்ராஸ்.
வா தெரியும். குறுக்கே தெரியும்.
இரண்டும் சேர்ந்தால்
தேடாதது கண்ணில் படுவதாம்.

"சாவியைத் தேடி எடுத்தால் இந்தச் சொல் வராது.
சாவியைத் தேடும்போது
பழைய கடிதம் ஒன்று அகப்படுகிறதே,
அப்போது வரும்."

தமிழில் நாம் தட்டுப்பட்டது என்போம்.
பொருள்தான் வந்து தட்டும்,
நாம் பாட்டுக்கு நின்றிருப்போம்.
அவர்கள் மொழியில் நடப்பது ஆள்;
போகிற போக்கில்
குறுக்கே கிடக்கிறது உலகம்.
பூனை குறுக்கே வந்தால் நாம் வீடு திரும்புகிறோம்.
அவர்கள் அதற்கொரு வினைச்சொல் வைத்திருக்கிறார்கள்.

ஆளுக்கொரு வாக்கியம் கேட்டாள்.

போஷெனா முதலில் எழுந்தாள்.
காட் மீனின் வயிற்றைக் கீறியபோது
உள்ளே ஒரு லிப்ஸ்டிக் மூடி.
தங்க நிறம்.
மூன்று முறை கழுவினாளாம்.
இப்போது அது அவள் பேனாவுக்கு மூடி.
தூக்கிக் காட்டினாள், எல்லோரும் கைதட்டினார்கள்.

தெஸ்ஃபாலெம் எழுதியதில்
மேற்பார்வையாளர் கோபக்காரராக கம் அக்ராஸ் ஆகிறார்.
"அது வேறு பொருள்," என்றாள் ஃபிலிப்பா.
"பார்க்கிறவருக்கு அப்படித் தோன்றுவது.
உள்ளே அவர் அப்படி இல்லாமலும் இருக்கலாம்."
தெஸ்ஃபாலெம் கொஞ்சம் யோசித்தான்.
"இல்லை டீச்சர், உள்ளேயும் அப்படித்தான்."

கடைசி பெஞ்சில் ஹேமின்.
நாலாய் மடித்த தாள்.
ஐ கேம் அக்ராஸ் த சீ.

சிவப்புப் பேனா இறங்கியது,
தாளைத் தொடாமல் நின்றது.
கடலைக் கடந்து வந்தேன்.
போகிற வழியில் கடல் தட்டுப்பட்டது.
இரண்டுக்கும் அதே ஐந்து சொல்.

"இதில் எது?" என்றாள்.

அவன் மலைக்காரன்.
இருபத்தாறு வயதுவரை
அக்கரை தெரியாத நீரைப் பார்த்ததில்லை.
டன்கிர்க் பக்கம் மணல்மேட்டில்
முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி
நடந்துகொண்டிருந்த இரவில்
இருட்டு திடீரென்று மூச்சுவிட்டது.
ஷூவுக்குள் ஈரம்.
இதுவா அது என்று
குர்திஷில் வாய்விட்டுக் கேட்டிருக்கிறான்.
யாரோ உஷ் என்றார்களாம்.

"முதலில் இரண்டாவது.
நாலு மணி நேரம் கழித்து முதலாவது."

யாரும் சிரிக்கவில்லை; சிரிக்கலாமா என்றும் தெரியவில்லை.
ஹீட்டர் மட்டும் டக்டக்கென்றது.

தெஸ்ஃபாலெம்தான் திரும்பிக் கேட்டான்,
அவனுக்கும் ஒரு கடல் உண்டு, வேறு கடல்:
"நடுவில் ஏதாவது குறுக்கே வந்ததா?"

"ஒரு கப்பல்.
மாடி மாடியாக விளக்கு.
யாரோ உள்ளே பியானோ வாசிக்கிற மாதிரி இருந்தது.
வாசித்திருக்க மாட்டார்கள்.
நாங்கள் அதை கம் அக்ராஸ் செய்தோம்."
அடுத்ததை மெதுவாக,
சொல் சொல்லாய் வைத்துப் பார்த்துச் சொன்னான்:
"அது எங்களை கம் அக்ராஸ் செய்யவில்லை."

"சரி," என்றாள் ஃபிலிப்பா.
வேறு சொல் கிடைக்காமல்,
"இலக்கணம் சரி."

பலகையைத் துடைக்கப் போனவள்
அக்ராஸை விட்டுவிட்டு
கம் என்பதை மட்டும் துடைத்தாள்.

தங்க மூடி
போஷெனாவின் பேனாவில்
க்ளிக் என்றது.
ஏழரை பஸ்ஸுக்கு
இன்னும் ஐந்து நிமிடம்.