பதின்மூன்றரை அங்குலம்

டிசம்பரில்தான் கோடை தைப்போம் பீன்யாவில்.
ஸ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறும்போது
காதை மூடிய மப்ளர்,
லைனுக்கு வந்தால்
மேஜை முழுக்க யாருடைய வெயிலோ.

என் வேலை டேப் பிடிப்பது.
தோள், நெஞ்சு, பிறகு இடுப்பு:
விரித்துப் போட்டால் பதின்மூன்றரை அங்குலம்.
கால் ஏறினால் மன்னிப்பு.
அரை ஏறினால் சிவப்பு ஸ்டிக்கர்.

ஒன்பது வருஷமாக அதே உருவம்.
சதுரக் கழுத்து, குட்டிப் பஃப் கை,
இடுப்பில் மூச்சைப் பிடித்து
கீழே குடையாக விட்டுவிடும்.
ஹேங்கரில் தொங்கும்போதே
உள்ளே யாரோ நிற்கிற மாதிரி.

வருஷா வருஷம் பையர் அம்மா வருவாள்.
"புது ஸ்டைல்" என்பாள்.
அறுபது வருஷத்துக்கு முந்தைய படம் ஒன்றைச்
சுவரில் ஒட்டிவிட்டுப் போவாள்.

மாறுவது பூ மட்டும்.
போன தடவை கசகசாப் பூ.
அதற்கு முன் நீலத்தில் ஏதோ,
பெயர் இல்லை, லாட் நம்பர் இருந்தது.
இந்த வருஷம் மஞ்சள்.
"ஹீரேகாய் ஹூ" என்றாள் புட்டலட்சுமி.
பீர்க்கம்பூ என்றேன் நான்.
கட்டிங் மாஸ்டர் டாஃபடில் என்று திருத்தினார்.
நாங்கள் திருந்தவில்லை.
நாலாயிரத்து இருநூறு பீஸ் பீர்க்கம்பூ
பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போனது.

என்னிடமும் பூப்போட்ட கவுன் உண்டு.
நைட்டி என்போம்.
அதற்கு இடுப்பு கிடையாது,
தண்ணி லாரி வந்தால் மேலே ஒரு துண்டு.

ஏப்ரலில் ஒரு சாயங்காலம்
யஷ்வந்தபுரத்தில் ஏறினாள் ஒருத்தி,
பீர்க்கம்பூவில்.
என் ஸ்டிக்கர் வாங்கித் தள்ளுபடியில் விழுந்த பீஸ்;
இடது கையில் ஒரு தையல் குதித்திருக்கும், குதித்திருந்தது.
பக்கத் தையலைப் பிரித்து
ஊதாத் துணியில் ஒரு பட்டை கொடுத்திருக்கிறாள்.
பூக்கள் அந்த இடத்தில் நின்று
மறுகரையில் தொடர்கின்றன.
கண்ணாலேயே அளந்தேன்: பதினைந்தேகால்.
கம்பியைப் பிடித்து அவள் திரும்பினாள்,
குடை ஒரு சுற்று விரிந்து
என் டிபன் பையைத் தொட்டு அடங்கியது.
படத்தில் இருந்தவள்
இவ்வளவு நன்றாகத் திரும்பியிருப்பாளா, தெரியாது.

வீட்டில் பார்த்தால் டேப் என் கழுத்திலேயே இருக்கிறது.
நைட்டிக்கு மேல் சுற்றி இழுத்தேன்.
முப்பத்துநாலு.
கீழே சாயம் போன ரோஜாக்கள்
முட்டியைச் சுற்றித் திடீரென்று அகலமாயின.
மூன்றாவது விசில்.
கட்டினது கட்டினபடி போய்
அடுப்பை அணைத்தேன்.